பேட்டன்ட் தேடலில் ஆண்ட், ஆர், நாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கண்டுபிடிப்புக்கு ஏற்கெனவே யாராவது பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கேட்டிருக்கிறார்களா என்று பெங்களூரில் தேடிப் பார்ப்பதுதான் என் வேலை. பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள், ஒயிட்ஃபீல்ட் பக்கம் வேலை செய்துகொண்டே ராத்திரியில் சொந்தமாக எதையாவது செய்து பார்ப்பவர்கள், கடைசி வருட இன்ஜினியரிங் பிள்ளைகள் என்று பலர் கேட்கிறார்கள், சந்தேகங்கள் என்னவோ ஒன்றேதான். தேடத் தெரியாததால் நல்ல யோசனையைக் கைவிட்டவர்களையும், ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி கொண்டு வந்த யோசனை அது: சில்க் போர்டு சிக்னலில் வெயிலில் நிற்கும்போது தலை வேகாமல் இருக்க, உள்ளே சின்ன ஃபேன் வைத்த ஹெல்மெட். தேடும் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஆண்ட் (AND), ஆர் (OR), நாட் (NOT) மூன்றையும் பெரிய எழுத்தில் அடிப்பது நல்லது. இந்த மூன்றையும் வைத்துத் தேடுவதைத்தான் பூலியன் தேடல் என்பார்கள்.

பூலியன்னா என்ன சார்? கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு மட்டும்தானா?

இல்லை. ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854-ல் எழுதிய நூலில் சிந்தனையின் விதிகளைக் கணக்குப் போல எழுதிக் காட்டினார், அவர் பெயரில்தான் இது பூலியன் ஆனது. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முந்தைய விஷயம்.

தேடலுக்குத் தேவையானது மூன்றே சொல். ஆண்ட் என்றால் இரண்டும் இருக்க வேண்டும். ஆர் என்றால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நாட் என்றால் இது இருக்கக் கூடாது. இதைக் கற்க அரை மணி நேரம் போதும், சரியான சொற்களைக் கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும்.

ஆண்ட் போட்டா நிறைய வரணும்ல? ஏன் குறையுது?

பேச்சு வழக்கில் "இட்லியும் வடையும் கொண்டு வா" என்றால் மேஜைக்கு நிறைய வரும், அந்தப் பழக்கத்தில்தான் குழப்பம் வருகிறது. தேடலில் "இட்லி ஆண்ட் வடை" என்றால் இட்லியும் வடையும் ஒன்றாக இருக்கும் தட்டுகளை மட்டும் எடு என்று பொருள். வெறும் இட்லித் தட்டு வராது, வெறும் வடைத் தட்டும் வராது. "இட்லி ஆர் வடை" என்றால் மூன்று வகைத் தட்டும் வரும்.

ஆக, ஆண்ட் சேர்க்கச் சேர்க்க முடிவுகள் குறையும், ஆர் சேர்க்கச் சேர்க்கக் கூடும். எதுவும் போடாமல் இடைவெளி விட்டு இரண்டு சொல் அடித்தால் கூகுள் பேட்டன்ட்ஸ் அதை ஆண்ட் என்றே எடுத்துக்கொள்ளும்.

எங்கே போய்த் தேடணும்? காசு கட்டணுமா?

தொடங்குவதற்கு ஒரு ரூபாயும் வேண்டாம். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், நம் இந்திய அலுவலகத்தின் இன்பாஸ், அமெரிக்க அலுவலகத்தின் பேட்டன்ட் பப்ளிக் சர்ச், எல்லாமே இலவசம். புதிதாக வருபவர்களை நான் முதலில் கூகுள் பேட்டன்ட்ஸில் பழகச் சொல்வேன், கை பழகியதும் எஸ்பாஸ்நெட்.

"கூலிங் ஹெல்மெட்"னு அடிச்சேன், என் ஐடியா மாதிரி எதுவுமே வரல. அப்போ என் ஐடியா புதுசுதானே?

புதிது என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் எனக்குத் திருப்திதான், அவ்வளவு பேர் விழும் குழி இது.

பேட்டன்ட் எழுதுபவர் நாம் பேசுகிற மாதிரி எழுத மாட்டார். உரிமை கோரும் பகுதியில், அதாவது கிளெய்மில், ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. "ஹெல்மெட்" என்று எழுதினால் ஹெல்மெட்டுக்கு மட்டும் பாதுகாப்பு, "தலைப் பாதுகாப்புச் சாதனம்" என்று எழுதினால் தொப்பி, கவசம் எல்லாம் அடங்கும். "ஃபேன்" என்று எழுதாமல் "காற்றோட்டத்தை உண்டாக்கும் அமைப்பு" என்று எழுதுவார். வேலியை அகலமாகப் போடுவது அவருடைய தொழில். நீங்கள் "கூலிங் ஹெல்மெட்" என்று அடித்தால், அந்த இரண்டு சொல்லையும் அப்படியே பயன்படுத்தியவர்களிடம் மட்டும் போய் விசாரித்த மாதிரிதான்.

அந்தத் தம்பிக்காக நான் தேடலை இப்படி மாற்றினேன்: (ஹெல்மெட் ஆர் ஹெட்கியர் ஆர் ஹெட்வேர் ஆர் "ஹார்ட் ஹேட்" ஆர் "ஹெட் ப்ரொடெக்ஷன்") ஆண்ட் (ஃபேன் ஆர் ப்ளோயர் ஆர் வென்டிலேட்டர் ஆர் "ஏர் ஃப்ளோ" ஆர் கூலிங்). ஒரே மாலையில் அவருடைய யோசனையை ஒட்டிய ஆவணங்கள் வரிசையாக வந்து நின்றன. அவருக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட அன்று தெரிந்தது எவ்வளவோ மேல். அடைப்புக்குறிக்குள் ஒரே பொருளுக்கான வேறு வேறு பெயர்களை ஆர் போட்டு அடுக்குங்கள், அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஆண்ட் போடுங்கள். பூலியன் தேடல் என்றால் பத்தில் ஒன்பது பங்கு இவ்வளவுதான்.

இந்த மாற்றுச் சொல்லெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது

இங்கிலீஷ் சரளமாக வர வேண்டியதில்லை. உங்கள் யோசனைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற ஒரே ஒரு பேட்டன்ட்டைப் பிடியுங்கள், அதைத் திறந்து, அவர்கள் அந்தப் பொருளை என்னென்ன பெயரில் சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெயர்களை ஆர் போட்டுச் சேர்த்து மறுபடி தேடினால் இன்னும் இரண்டு ஆவணம் வரும், அவற்றில் புதிதாக இரண்டு சொல் கிடைக்கும். புதுச் சொல் வருவது நிற்கிற வரை இப்படியே போக வேண்டியதுதான்.

மூன்று பக்கமாகவும் யோசியுங்கள்: அது என்ன பொருள், என்ன வேலை செய்கிறது, எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஹெல்மெட், காற்று வீசுவது, வியர்வை. மூன்றாவதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஆவணத்தின் முன்னுரையில் எழுதுபவர் முதலில் புலம்புவதே அந்தத் தொல்லையைப் பற்றித்தான். அப்புறம், எழுத்து வேறுபாடு. டயர், அலுமினியம், கலர் மூன்றையும் பிரிட்டிஷ்காரர் ஒரு மாதிரி எழுதுவார், அமெரிக்கர் வேறு மாதிரி எழுதுவார். இரண்டையும் ஆர் போட்டுச் சேருங்கள்.

அடைப்புக்குறி போடலைன்னா என்ன ஆகும்?

"ஹெல்மெட் ஆண்ட் ஃபேன் ஆர் ப்ளோயர்" என்று அடித்தால் கம்ப்யூட்டர் இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நீங்கள் நினைத்தது ஹெல்மெட், கூடவே ஃபேனோ ப்ளோயரோ. அது (ஹெல்மெட் ஆண்ட் ஃபேன்) என்று முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் ஆர் ப்ளோயர் என்று படித்தால், உலகத்தில் உள்ள அத்தனை ப்ளோயரும் வந்து கொட்டும், சருகு ஊதும் மெஷினிலிருந்து சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் மெஷின் வரை.

எதை முதலில் சேர்ப்பது என்பதில் தளத்துக்குத் தளம் விதி வேறு, கூகுள் பேட்டன்ட்ஸ் இடமிருந்து வலமாகச் சேர்த்துக்கொண்டு போகும். எல்லா விதியையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆரும் ஆண்டும் ஒரே வரியில் வந்தால் கட்டாயம் அடைப்புக்குறி போடுங்கள்.

நட்சத்திரக் குறி எதுக்கு? எல்லாச் சொல்லுக்கும் போட்டுடலாமா?

சொல்லின் வேரை அடித்து நட்சத்திரம் போட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். கூல்* என்றால் கூல், கூலிங், கூலர், கூலன்ட் எல்லாம். எஸ்பாஸ்நெட்டில் இன்னும் இரண்டு குறிகள் உண்டு: கேள்விக்குறி போட்டால் அந்த இடத்தில் ஓர் எழுத்து இருக்கலாம் அல்லது இல்லாமலும் போகலாம், ஹேஷ் குறி போட்டால் சரியாக ஓர் எழுத்து இருக்க வேண்டும். மேலே சொன்ன கலர் எழுத்து வேறுபாட்டுக்குக் கேள்விக்குறி அருமையாகப் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஹெல்ம்* என்று போட்டால் கப்பல் ஓட்டும் சக்கரமும் வரும், இங்கிலீஷில் அதற்குப் பெயர் ஹெல்ம். வேர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குப்பை சேரும். கூகுள் பேட்டன்ட்ஸ் தானாகவே ஒரு சொல்லின் ஒருமை, பன்மை போன்ற வடிவங்களைச் சேர்த்துக்கொள்வதால் அங்கே நட்சத்திரத்தின் தேவை குறைவு.

எனக்கு பைக் ஹெல்மெட் மட்டும் போதும். நாட் சைக்கிள்னு போட்டா வேலை சுலபமாயிடும்ல?

தயவுசெய்து வேண்டாம். பைக் ஹெல்மெட் பற்றிய ஒரு பேட்டன்ட்டில் எங்கோ ஒரு மூலையில் "இதைச் சைக்கிள் ஓட்டுபவர்களும் அணியலாம்" என்று ஒரு வரி இருக்கும். அகலமாக வேலி போடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று முன்பே சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்காக அந்த ஆவணமே உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். உங்களுக்கு எமனாக வரக்கூடிய ஆவணம் அதுவாகவே இருக்கலாம். ஆண்ட் தப்பாகப் போட்டாலும் நஷ்டம் வரும்தான், ஆனால் முடிவு குறைந்திருப்பதைப் பார்த்துச் சந்தேகமாவது வரும், நாட் போட்டால் பட்டியல் சுத்தமாகத் தெரிவதால் அந்தச் சந்தேகமே எழாது.

நாட் எனக்கு உதவுவது ஒரு விஷயத்துக்குத்தான். நேற்று ஒரு தேடல் செய்து அதில் வந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டேன், இன்று புதுச் சொற்கள் சேர்த்துத் தேடுகிறேன் என்றால், (புதுத் தேடல்) நாட் (பழைய தேடல்) என்று போட்டுப் படிக்காதவற்றை மட்டும் எடுப்பேன். கூகுள் பேட்டன்ட்ஸில் நாட்டுக்குப் பதில் சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டாலும் அதே வேலை நடக்கும். அங்கே கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே கைதவறி இடைவெளி விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் குறிக்கும் நியர்க்கும் என்ன வித்தியாசம்?

ஆண்ட் என்பது ஆவணம் முழுவதையும் பார்க்கும். அறுபது பக்க ஆவணத்தில் மூன்றாம் பக்கம் ஹெல்மெட், ஐம்பதாம் பக்கம் ஏதோ ஒரு ஃபேன் இருந்தாலும் ஆண்ட் பொருந்திவிடும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. மேற்கோள் குறி இதற்கு நேர்மாறு, சொற்கள் ஒட்டி, அதே வரிசையில் இருந்தால்தான் எடுக்கும். "ஹெல்மெட் ஃபேன்" என்று குறிக்குள் போட்டால் "ஹெல்மெட்டின் உள்ளே பொருத்திய ஃபேன்" விட்டுப் போகும்.

நியர் (NEAR) இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளது. கூகுள் பேட்டன்ட்ஸில் "ஹெல்மெட் நியர்/10 ஃபேன்" என்றால் இரண்டு சொல்லும் பத்துச் சொல் தூரத்துக்குள் இருக்க வேண்டும், எது முதலில் வந்தாலும் சரி. ஏடிஜே (ADJ) என்று போட்டால் வரிசையும் அதேபோல இருக்க வேண்டும். முழு ஆவணத்தையும் தேடும்போது நியர் இல்லாமல் நான் தேடுவதே இல்லை.

ஒரே வரியைக் காப்பி பண்ணி வேற சைட்ல போட்டேன், வேற மாதிரி வருதே?

வரும், ஏனென்றால் குறிகளின் அர்த்தமே மாறுகிறது. வித், சேம் என்று இரண்டு சொல் உண்டு. அமெரிக்க அலுவலகத்தின் தேடலில் வித் என்றால் ஒரே வாக்கியத்துக்குள், சேம் என்றால் ஒரே பத்திக்குள். கூகுள் பேட்டன்ட்ஸில் அதே வித் என்றால் இருபது சொல்லுக்குள், சேம் என்றால் இருநூறு சொல்லுக்குள். பெயர் ஒன்று, அளவு வேறு. எங்கே போனாலும் முதல் ஐந்து நிமிடம் அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் படியுங்கள். ஒரு தளத்தில் முழு ஆவணமும் தேடப்படும், இன்னொன்றில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் தேடப்படும், அதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ42பி-ன்னு ஏதோ நம்பர் போட்டிருக்கே, அது என்ன?

அது வகைப்பாட்டு எண். ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து நடத்தும் சிபிசி என்ற முறை 2013 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, நூலகத்தில் புத்தகங்களை அலமாரி வாரியாக அடுக்குவது போல ஒவ்வொரு பேட்டன்ட்டுக்கும் இடம் கொடுப்பார்கள். ஏ42பி 3 என்பது ஹெல்மெட், அதற்குள் ஏ42பி 3/28 காற்றோட்ட அமைப்புகள். எழுதியவர் "தலைப் பாதுகாப்புச் சாதனம்" என்று எழுதினாலும், ஜப்பான்காரர் ஜப்பானிய மொழியில் எழுதினாலும், அலமாரி ஒன்றுதான்.

இதையும் பூலியனோடு சேர்க்கலாம். முதல் அடைப்புக்குறியில் உள்ள ஹெல்மெட் சொற்களை எடுத்துவிட்டு அங்கே இந்த எண்ணைப் போடுங்கள், ஆண்ட், அப்புறம் ஃபேன் சொற்கள். எண்ணையும் ஹெல்மெட் சொற்களையும் ஆண்ட் போட்டுச் சேர்க்காதீர்கள், எண்ணைச் சேர்த்ததன் பயனே போய்விடும். எந்த எண் என்று தெரியாவிட்டால், உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆவணங்கள் நாலைந்தைத் திறந்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் எண்ணைப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கில் வருது. எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். ஆனால் நாட் போட்டுக் குறைக்கவும் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். தேடும் இடத்தைச் சுருக்குங்கள்: முழு ஆவணத்துக்குப் பதில் தலைப்பிலும் சுருக்கத்திலும் கிளெய்மிலும் மட்டும் தேடலாம், நியரின் தூரத்தைக் குறைக்கலாம், இல்லையென்றால் மூன்றாவது அடைப்புக்குறி ஒன்றைச் சேர்க்கலாம், பேட்டரி ஆர் சோலார் என்பது போல. இருநூறு, முந்நூறுக்குள் வந்ததும் படங்களைப் புரட்டுங்கள். படம் பார்த்துத் தள்ள ஓர் ஆவணத்துக்குச் சில நொடி போதும். சந்தேகம் வருகிறதை மட்டும் நிறுத்தி முதல் கிளெய்மைப் படியுங்கள்.

இருபது வருஷத்துக்கு முந்தினது எல்லாம் காலாவதிதானே? தேதியை வச்சு வெட்டிடலாமா?

கூடாது. பேட்டன்ட்டின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுதான், ஆனால் காலாவதியானால் அதன் உரிமை போகுமே தவிர, அது ஏற்கெனவே வெளியானது என்ற உண்மை போகாது. 1960-ல் ஒருவர் எழுதியிருந்தாலும் உங்களுடையது புதிது இல்லை. ஒரு பொருளைச் செய்து விற்கலாமா என்பது வேறு கேள்வி, அதற்குத் தேடும்போது மட்டும் தேதி வரம்பு உதவும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் தேடுறதைப் பார்த்து யாராவது ஐடியாவைத் திருடிடுவாங்களா?

தேடல் பெட்டியில் அடிப்பது வெளியிடுவது ஆகாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: விண்ணப்பிக்கும் முன்பே யூடியூபில் வீடியோ போடுவது, லிங்க்டினில் படம் போடுவது. சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, அப்படி வெளியிட்டால் உங்கள் யோசனையின் புதுமையை நீங்களே அழித்ததாக ஆகும். அந்தப் பயத்தைத் தேடலில் காட்டாமல் அங்கே காட்டுங்கள்.

இந்தியால மட்டும் தேடினா போதாதா? நான் இங்கதானே விக்கப் போறேன்?

போதாது. இந்தியாவில் விண்ணப்பித்தாலும் புதுமை உலக அளவில் பார்க்கப்படும். சீனாவில் மட்டும் ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் மேல் பேட்டன்ட் விண்ணப்பங்கள் போகின்றன. சீனம் தெரியாதே என்று விடாதீர்கள், கூகுள் பேட்டன்ட்ஸ் மொழிபெயர்ப்பைத் தருகிறது, பேட்டன்ட்ஸ்கோப்பில் ஒரு மொழியில் அடித்த சொல்லைப் பல மொழிகளில் விரித்துத் தேடும் வசதியே இருக்கிறது.

அதேபோல இன்பாஸையும் விடக் கூடாது, இந்திய ஆவணங்களுக்கு அதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே வெளியானவை, வழங்கப்பட்டவை என்று இரண்டு பெட்டி உண்டு, இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆண்ட், ஆர், நாட் தேர்வு செய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஆர் போட நினைத்த இடத்தில் ஆண்ட் நின்றுகொண்டிருக்கும். விண்ணப்பம் போடும்போது நாம் பெங்களூரில் இருந்தாலும் கர்நாடகம் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது, அதாவது கிண்டி. அதையும் பலர் கேட்கிறார்கள்.

பேட்டன்ட்டுல எதுவும் இல்லைன்னா கட்டாயம் கிடைச்சுடுமா?

மூன்று காரணத்தால் உறுதி சொல்ல முடியாது. முதலாவது, விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன மாதம் கோயம்புத்தூரில் ஒருவர் இதே ஹெல்மெட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் எந்தத் தேடலிலும் அது அகப்படாது. இரண்டாவது, புதிதாக இருந்தாலும் அந்தத் துறைக்காரருக்கு எளிதில் தோன்றிவிடும் மாற்றம் என்றால் மறுக்கலாம்.

மூன்றாவது, பேட்டன்ட் இல்லாத எழுத்தும் கணக்கில் வரும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள், நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி அதை ரத்து செய்ய வைத்தது. நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்தது அந்த பேட்டன்ட்டைக் கொடுத்த பரிசோதகருக்குத் தெரியவில்லை. இதில் நம் தேடலுக்கும் பாடம் உண்டு: மஞ்சளை டர்மெரிக் என்று மட்டும் தேடினால் போதாது, ஹல்தி, குர்குமா லோங்கா, குர்குமின் எல்லாவற்றையும் ஆர் போட வேண்டும். மூலிகை, உணவு சம்பந்தமாகத் தேடுபவர்கள் தாவரவியல் பெயரை விடவே கூடாது.

இதெல்லாம் எதுக்கு, ஏஐகிட்ட கேட்டா சொல்லாதா?

மாற்றுச் சொற்களை அடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு நன்றாக உதவும், நானும் கேட்கிறேன். ஆனால் "இது மாதிரி பேட்டன்ட் இருக்கா" என்று கேட்டு அது தரும் பேட்டன்ட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். இல்லாத எண்ணைக்கூட இருப்பது போலச் சொல்லும், இருக்கும் எண்ணுக்கு வேறு பொருளையும் சொல்லும். ஒவ்வொரு எண்ணையும் எஸ்பாஸ்நெட்டில் நீங்களே திறந்து பாருங்கள்.

என் ஐடியா மாதிரியே ஒண்ணு கிடைச்சுடுச்சு. விட்டுடணுமா?

உடனே விடாதீர்கள், தலைப்பைப் பார்த்து மனம் உடைந்து போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. அதன் விளக்கம், படம், கிளெய்ம் மூன்றையும் முழுதாகப் படித்து, உங்களுடையதில் உள்ள எது அதில் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தம்பியின் ஹெல்மெட்டில் ஃபேன் பழையதுதான், ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் காற்று மட்டும் போக அவர் செய்திருந்த மடிப்பு கிடைத்த எந்த ஆவணத்திலும் இல்லை. ஃபேன் அடைப்புக்குறிக்குப் பதில் (ரெயின் ஆர் வாட்டர் ஆர் ஸ்பிளாஷ்) என்று போட்டு, அந்த மடிப்பை மட்டும் வைத்து மறுபடி முதலிலிருந்து தேடினோம்.

அதோடு, பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. அந்த ஆவணம் அமெரிக்காவில் மட்டும் உயிரோடு இருந்து இந்தியாவில் விண்ணப்பிக்கவே இல்லை என்றால், நீங்கள் அதற்கு உரிமை கேட்க முடியாதே தவிர இங்கே செய்து விற்க அது தடையாகாது. பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குப் பல நேரம் இந்தத் தகவல்தான் பேட்டன்ட்டைவிடப் பெரிய லாபம். விற்கும் முன்பு ஒரு பேட்டன்ட் ஏஜென்டிடம் காட்டிவிடுங்கள், போகும்போது நீங்கள் அடித்த ஒவ்வொரு தேடல் வரியையும் தேதியோடு எழுதிய நோட்டை எடுத்துப் போங்கள். அவர் அதே வேலையை மறுபடி செய்து அதற்குக் காசு வாங்க வேண்டியிருக்காது.